இடப்பக்க ஷட்டர்

வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கமாகக் குடியிருப்பவர்கள், எந்தப் பொருள் பழுதானாலும் குற்றத்தைக் கடலின் மீது சுமத்திவிடுவார்கள். மின்விசிறி முனகினால் உப்புக்காற்று. பூட்டுத் திறக்க மறுத்தால் உப்புக்காற்று. தொலைக்காட்சியில் படம் நடுங்கினாலும் அதே உப்புக்காற்று. எங்கள் தொடர்மாடியின் இரண்டாம் தளத்தில் வசிக்கும் செல்வி யோகாம்பிகை மாத்திரம் இந்த விளக்கத்தை ஒருபோதும் ஏற்றுக்கொண்டதில்லை.

"கடல் எப்பவும் அங்கதான் கிடக்குது. பழுது நேற்றுத்தானே வந்தது? அப்ப நேற்று என்ன நடந்தது எண்டு பாருங்கோ" என்பார்.

அவர் கோண்டாவிலில் பிறந்தவர். பாடசாலைக் கல்வி முடிந்த கையோடு தொலைபேசித் திணைக்களத்துப் பரீட்சையில் தேறிக் கொழும்புக்கு வந்தார். முதலில் இணைப்புக் கொடுக்கும் பலகையில் அமர்ந்தார். பின்னர் பழுது முறைப்பாட்டுப் பிரிவுக்கு மாற்றப்பட்டு, ஓய்வுபெறும் வரை அங்கேயே இருந்தார். தொலைபேசி வேலை செய்யவில்லை என்று முறையிடுபவர்களுடன் பேசி, பழுது பரிமாற்றகத்திலா, வீதியிலா, வீட்டுக்குள்ளா என்பதை மேசையில் இருந்தபடியே பிரித்தறிந்து, உரிய ஆளை உரிய இடத்துக்கு அனுப்புவது அவருடைய கடமை.

"லைன் செத்துப்போச்சு மிஸ்" என்றுதான் பெரும்பாலானோர் தொடங்குவார்களாம்.

"செத்ததோ இல்லையோ நாங்கள் பார்த்துச் சொல்லுவம். ரிசீவரைத் தூக்கினால் உங்களுக்கு என்ன கேக்குது? அதை மட்டும் சொல்லுங்கோ."

முறைப்பாட்டுக்காரர் காரணம் சொல்லக்கூடாது. கண்டதையும் கேட்டதையும் மாத்திரம் சொல்ல வேண்டும். பழுது பார்ப்பவர் கம்பியை ஒரு முனையிலிருந்து தடவிக்கொண்டு போகக்கூடாது. நடுவில் பிரித்துச் சோதிக்க வேண்டும். அப்படிச் செய்தால் ஒரு பாதி உடனேயே குற்றமற்றதென்று விடுதலையாகிவிடும். வேலை செய்துகொண்டிருக்கும் இணைப்பை எக்காரணம் கொண்டும் கழற்றக்கூடாது. இம்மூன்றும் அவர் திணைக்களத்தில் கற்றுக்கொண்ட விதிகள். இவற்றை அவர் வாழ்க்கையின் ஏனைய காரியங்களுக்கும் விரித்துக்கொண்டார் என்பதை, அவருடன் தொடர்மாடிக் கூட்டங்களில் அமர்ந்தவர்கள் நன்கு அறிவார்கள். தண்ணீர்த் தொட்டி வற்றிய நாளில் எல்லோரும் நீர் வழங்கல் சபையைத் திட்டிக்கொண்டிருக்க, இவர் மொட்டைமாடிக்கும் நிலத்துக்கும் நடுவில் இருந்த வால்வைத் திறந்து, அதுவரை தண்ணீர் வருவதைப் பார்த்துவிட்டு, "சபையை விடுங்கோ. மேலதான் பிழை" என்று சொல்லிவிட்டுச் சமைக்கப் போனார்.

கார் ஓட்டப் பழகியது ஓய்வுபெற்ற பின்னர்தான். வெளிநாடு போக ஆயத்தமான ஓர் அதிகாரி தம்முடைய பழைய ஜப்பானியக் காரை நம்பிக்கையான கைகளில் கொடுக்க விரும்பினார். யோகாம்பிகையின் கைகளை விட நம்பிக்கையானவை அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. சாரதிப் பரீட்சையின்போது பரிசோதகர், "நோனா, இந்த வயதில் எதற்கு?" என்று சிங்களத்தில் கேட்டாராம். "எப்போதும் இன்னொருவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தே போய்விட்டேன்" என்று இவரும் சிங்களத்திலேயே விடை சொன்னாராம். காலி வீதியில் அவருடைய கார் ஊர்ந்து போகும் வேகத்தைக் கண்டு பேருந்து நடத்துநர்கள் கதவில் தொங்கியபடி ஏதேதோ சொல்லிப் போவார்கள். அவர் திரும்பிப் பார்ப்பதில்லை.

இந்தக் காரின் இடப்பக்க முன் கண்ணாடிதான் இங்கே சொல்லவேண்டிய விடயம். கொழும்பில் அதனை எல்லோரும் ஷட்டர் என்பார்கள். சுவிட்சை அழுத்தினால் மின்சாரத்தில் ஏறி இறங்கும் அந்த ஷட்டர், வைகாசி மாதத்து ஒரு நாளில் மூடியபடியே நின்றுவிட்டது. வேறொரு காலமாக இருந்தால் அவர் ஆறுதலாகப் பார்த்திருப்பார். ஆனால் அந்த ஆசனத்தில் அப்போது அவருடைய தங்கை தவமலர் இருந்தார்.

தவமலர் கணவரை இழந்த பின்னர் அக்காவுடன் வந்து தங்கியவர். அவருடைய மார்பில் வந்த கட்டியை அகற்றிய வைத்தியர்கள், வார நாள்களில் இடைவிடாமல் மகரகமைப் புற்றுநோய் வைத்தியசாலைக்கு வந்து கதிர்ச் சிகிச்சை பெறவேண்டும் என்று விதித்திருந்தார்கள். தவமலருக்குச் சிறுவயது முதலே வாகனப் பயணம் ஒத்துக்கொள்ளாது. பின் ஆசனத்தில் அமர்ந்தால் பக்கத்துப் பம்பலப்பிட்டி கூடத் தாண்ட மாட்டார். நோயும் சேர்ந்தபின் நிலைமை இன்னும் மோசமாயிற்று. முன் ஆசனத்தில், முகத்துக்கு நேரே காற்று வரவேண்டும். குமட்டினால் அந்தக் கணமே தலையை வெளியே நீட்ட வேண்டும். மகரகமைக்குப் போகும் ஹைலெவல் வீதியின் நெரிசலில், இடப்பக்கமாக மோட்டார் சைக்கிள்கள் புகுந்து போகும்போது, கதவைத் திறப்பது நடவாத காரியம். காரின் குளிரூட்டியோ எப்போதோ ஓய்வுபெற்றுவிட்டது. இயங்கினாலும் அதன் வாடையைத் தவமலர் தாங்கமாட்டார்.

தவமலரின் மகன் உமாசுதன் இராஜகிரியவில் ஒரு கணினி நிறுவனத்தில் வேலை பார்த்தான். நாள்தோறும் விடுப்பு எடுக்க அவனால் இயலவில்லை. ஷட்டர் நின்ற மறுநாள், கைத்தொலைபேசியில் ஒரு வாடகைக் காரை அமர்த்தி அனுப்பினான். அதில் கண்ணாடிகள் இறுக மூடியிருந்தன. முன்னால் வாசனைப் புட்டி ஒன்று ஆடிக்கொண்டிருந்தது. போகும் வழியில் தவமலர் இருமுறை வாந்தியெடுத்தார். சாரதி வாயால் ஒன்றும் சொல்லவில்லை, முகத்தால் சொன்னான். திரும்பும்போது முச்சக்கர வண்டியில் வந்தார்கள். புகையும் குலுக்கலும், கதிர்பட்டுத் தீய்ந்துபோன தோலில் சேலைத் தலைப்பு உராய்ந்த வேதனையும் சேர்ந்ததில், வீட்டுப் படிகளைத் தவமலர் இருமுறை உட்கார்ந்துதான் ஏறி முடித்தார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. விடிந்ததும் அவர் கட்டிலை விட்டு எழவில்லை.

"நான் போகேல்ல அக்கா."

"இண்டைக்கோ?"

"இண்டைக்கும் இல்ல. இனியும் இல்ல. செத்தாலும் காத்தோட சாகிறன். அந்த வாசனைப் போத்திலுக்குப் பக்கத்தில இருந்து சாக ஏலாது."

யோகாம்பிகை வாதாடவில்லை. வைத்தியசாலைக்கு அழைத்துக் கேட்டார். ஒரு நாள் தவறியதைச் சமாளிக்கலாம், மேலும் தவறவிடுவது நல்லதல்ல என்று தாதி சொன்னார். அவர் தங்கையின் கட்டிலருகே கதிரையை இழுத்துப் போட்டு அமர்ந்தார்.

"எங்கட கார் எண்டால் வருவியோ?"

"உன்ர காரிலதான் ஷட்டர் பூட்டிக் கிடக்குதே."

"அது திறந்தால்?"

தவமலர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். "திறந்தால் வாறன்" என்றார். "திறக்காட்டி என்னை இழுக்கக்கூடாது."

ஆகவே திங்கட்கிழமை காலைக்குள் ஷட்டர் திறந்து மூடவேண்டும் என்று ஆயிற்று.

வெள்ளிக்கிழமை பகலிலேயே ஒரு கராஜுக்கு ஓட்டிப் போனார். அங்கிருந்தவர் சுவிட்சை ஒருமுறை அழுத்திப் பார்த்துவிட்டு, மோட்டர் எரிந்துவிட்டது, பழைய மொடல் என்பதால் சாமான் தேடி எடுக்கச் சில வாரங்களாகும் என்றார். வெளியே வந்து வழியனுப்பும்போது, "கடல் பக்கம்தானே நிறுத்துறீங்க? உப்புக்காத்து" என்று ஒரு வார்த்தையும் சேர்த்துக்கொண்டார். அந்த வார்த்தையிலேயே அவருடைய தீர்ப்பின் மீது யோகாம்பிகைக்கு நம்பிக்கை போய்விட்டது.

வீட்டுக்கு வந்து, கார் நிறுத்தும் இடத்தில், தாமே சோதனையைத் தொடங்கினார். தவமலர் ஒரு பிளாஸ்டிக் கதிரையில் சால்வையைப் போர்த்திக்கொண்டு பார்த்திருந்தார்.

சாரதியின் கதவில் நான்கு ஷட்டர்களையும் இயக்கும் சுவிட்சுப் பலகை இருந்தது; ஏனைய கதவுகளில் அந்தந்த ஷட்டருக்கு ஒவ்வொரு சுவிட்ச். சாரதியின் ஷட்டர் ஏறி இறங்கியது. பின் ஷட்டர்கள் இரண்டும் இயங்கின. எல்லாவற்றுக்கும் ஒரே பியூஸ் என்பதால் பியூஸ் நன்றாக இருக்கிறது என்று தீர்ந்தது. பிள்ளைகள் விளையாடாமல் ஏனைய ஷட்டர்களைத் தடுக்கும் பொத்தான் அழுந்தியிருக்கவில்லை. இடப்பக்க முன் ஷட்டர் மாத்திரம், சாரதியின் பலகையிலிருந்து அழுத்தினாலும் அசையவில்லை, தன் கதவிலிருந்து அழுத்தினாலும் அசையவில்லை.

"மலர், உள் லைட்டைப் பார். நான் சுவிட்சை அமத்தேக்க அது மங்குதோ?"

"மங்கேல்ல."

"வடிவாப் பார்."

"எனக்கு வருத்தம் நெஞ்சில அக்கா, கண்ணில இல்ல. மங்கேல்ல."

மோட்டர் இறுகி நின்றிருந்தால் அது மின்சாரத்தை அள்ளி இழுக்கும். உள்விளக்கு சற்று மங்கும். மங்கவில்லை என்றால் மோட்டருக்கு மின்சாரம் ஓடவே இல்லை. வழியில் எங்கோ கம்பி அறுந்திருக்க வேண்டும், அல்லது மோட்டரின் உட்சுருள் அறுந்திருக்க வேண்டும். அதற்கு மேல் போகக் கதவின் உட்பலகையைக் கழற்ற வேண்டும். அது தமக்குப் பழக்கமில்லாத வேலை என்பதை ஒப்புக்கொண்டு, நிஸாமை அழைத்தார்.

நிஸாம் கிராண்ட்பாஸில் இருப்பவர். வாகன வயரிங் வேலை செய்பவர். ஐம்பதை அண்டிய வயது. கடை வைத்திருக்கவில்லை. கருவிப் பையை மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு வாகனம் நிற்கும் இடத்துக்கே வருவார். சனிக்கிழமை முழுவதும் அவருக்கு வேறு வேலை இருந்ததால், ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் அஸர் தொழுகை முடிந்து வந்தார். வானம் கறுத்திருந்தது.

"ஸலாம் இல்லாட்டியும் ஒரு சிரிப்பாவது தாங்க மிஸ். முகத்தப் பாத்தா நான்தான் ஷட்டர ஒடச்ச மாதிரி இரிக்கி."

"சிரிக்கிறதுக்கு நாளைக்கு நேரம் இருக்கு நிஸாம். இண்டைக்கு இதைத் திறந்து தாங்கோ."

அவர் இடக்கதவின் உட்பலகையைக் கிளிப்புகள் உடையாமல் மெல்ல நெம்பிக் கழற்றினார். கதவுக்கும் உடலுக்கும் இடையில் வயர்கள் வளைந்து போகும் இறப்பர்க் குழாயை விரித்துப் பார்த்தார். அந்த இடத்தில்தான் பழைய கார்களில் வயர் முறிவது வழக்கம், இங்கே முறியவில்லை. பின்னர் ஒரு முனையில் கவ்வி பூட்டிய சிறு சோதனை விளக்கை எடுத்தார். கவ்வியைக் காரின் இரும்பில் மாட்டி, கூர்முனையை மோட்டருக்குப் போகும் வயரில் வைத்து, சுவிட்சை அழுத்தினார். விளக்கு எரிந்தது.

"முடிஞ்சி மிஸ். கரண்ட் வருது, மோட்டர் சுத்தல்ல. மோட்டர்தான் போயிட்டு. கராஜ்காரன் செல்லினது சரி."

"மோட்டரைப் பற்றரியில நேரா வைச்சுப் பார்த்தனீங்களோ?"

"பாக்கல்ல."

"பாருங்கோ. அதுதான் நடு."

நிஸாம் தோளை ஒருமுறை குலுக்கிவிட்டு, நீண்ட வயர்கள் இரண்டால் மோட்டரைப் பற்றரியுடன் நேரே இணைத்தார். மோட்டர் உறுமியது; கண்ணாடி ஒரு சாண் இறங்கியது. வயர்களை மாற்றி வைத்தார். கண்ணாடி ஏறி மூடிக்கொண்டது.

"அட!" என்றார் நிஸாம். "நல்ல மோட்டரப் புதைக்கப் பாத்தேன்."

தவமலர் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "இறங்கினதுதானே? அப்பிடியே இறக்கி விடுங்கோவன். ஆர் மூடச் சொன்னது?"

நிஸாமும் அதைத்தான் நினைத்தார். "ஓ மிஸ், முழுசா எறக்கி விட்டுர்றேன். ஒரு பொலித்தீன் கட்டிக்கிட்டா..."

"ஏலாது" என்றார் யோகாம்பிகை. "ஒவ்வொரு நாளும் மழை. இவ நனையக்கூடாது. அங்க காரை வெளியில விட்டிட்டு உள்ள எவ்வளவு நேரம் நிக்கிறமோ தெரியாது. மூட ஏலாட்டி அது ஷட்டர் இல்ல, ஓட்டை."

இப்போது புதிர் இதுதான்: மோட்டர் நல்லது, மோட்டர் வரை மின்சாரமும் வருகிறது, ஆயினும் மோட்டர் சுழலவில்லை. யோகாம்பிகை அந்தச் சோதனை விளக்கைக் கையில் வாங்கிப் பார்த்தார். அதன் கவ்வி இன்னும் காரின் இரும்பைக் கவ்விக்கொண்டிருந்தது.

"நிஸாம், இந்தக் கவ்வியை இரும்பில போடாதேங்கோ. மோட்டரின்ர மற்ற வயரில போடுங்கோ. போட்டிட்டு அமத்துங்கோ."

விளக்கு எரியவில்லை.

"டெலிபோன் லைனுக்கு ரெண்டு கால்" என்றார் அவர். "ஒண்டில போகும், மற்றதில திரும்பி வரும். நீங்கள் போற காலை மட்டும் பார்த்தனீங்கள். திரும்பி வாற கால் எங்கயோ அறுந்திருக்கு. அந்த வயர் எங்க போகுது?"

நிஸாம் ஒரு கணம் யோசித்தார். பின்னர் அவருடைய முகம் தெளிந்தது. வேலை தெரிந்தவர் என்பதால் மிகுதியை அவரே சொல்லி முடித்தார். இந்த வகைக் கார்களில் இடக்கதவின் சுவிட்சை அழுத்தினாலும், மோட்டரிலிருந்து திரும்பும் மின்சாரம் சாரதியின் சுவிட்சுப் பலகைக்குள் போய், அங்கிருந்துதான் இரும்புக்கு இறங்கும். ஆகவே இடக்கதவை முடக்கிவைத்த பழுது வலக்கதவில் இருக்கிறது.

"டிரைவர் பக்கத்துப் பலகையக் கழத்தணும் மிஸ்."

யோகாம்பிகையின் கை தன்னிச்சையாகச் சாரதியின் கதவைப் பிடித்துக்கொண்டது. அந்தக் கதவின் ஷட்டர் இயங்கிக்கொண்டிருந்தது. பின் ஷட்டர்களின் சுவிட்சுகளும் அதே பலகையில்தான். வேலை செய்யும் இணைப்பைக் கழற்றாதே என்பது அவர் வாழ்நாள் முழுவதும் மீறாத விதி. பழைய பிளாஸ்டிக் பலகை. உள்ளே ஒரு மெல்லிய கால் முறிந்தாலும் நான்கு ஷட்டர்களும் நின்றுவிடும். பிறகு திங்கட்கிழமை என்பதே இல்லை.

"வேற வழி இல்லையோ?"

"ஒடையாமக் கழத்துவேன். ஆனா சத்தியம் பண்ண மாட்டேன். பழசு."

மழையின் முதல் துளிகள் கார் நிறுத்துமிடத்தின் தகரக் கூரையில் விழுந்தன. யோகாம்பிகை தங்கையைப் பார்த்தார். தவமலர் அக்காவைப் பார்க்கவில்லை. மூடியிருந்த ஷட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். சால்வைக்குள் அவருடைய கை மார்பின் பக்கமாகப் பொத்தியிருந்தது.

"கழட்டுங்கோ" என்றார் யோகாம்பிகை.

நிஸாம் பலகையைக் கதவிலிருந்து பிரித்தெடுத்து, தம்முடைய மடியில் ஒரு துணியை விரித்து, அதன் அடிமூடியைத் திறந்தார். மூக்கை அருகே கொண்டுபோனார். பின்னர் மிகவும் கவனமாக, "மிஸ், நீங்களே வந்து பாருங்க" என்றார்.

உள்ளே மஞ்சளும் வெண்மையுமாக ஒரு பசை இறுகிக் கிடந்தது. அதற்கு அடியில் செப்புத் தகடுகள் பச்சையாகப் பூத்திருந்தன. ஓர் ஓரத்தில், காய்ந்து கறுத்த ஒரு துளசி இலை. சந்தனத்தின் மணம் இன்னும் போகவில்லை.

வெள்ளிக்கிழமைதோறும் பிள்ளையார் கோவிலில் பூசை முடிந்ததும், யோகாம்பிகை ஒரு சிறு செம்பில் அபிஷேகத் தீர்த்தம் வாங்கி வருவார். காரின் சாரதிப் பக்க ஷட்டரை இறக்கிவிட்டு, வெளியே நின்றபடியே, ஸ்டீரிங்கின் மீது தெளித்துச் சந்தனப் பொட்டு வைப்பார். எங்கள் ஒழுங்கையில் கார் வைத்திருக்கும் சைவர்கள் அனேகர் இதைச் செய்வதுண்டு. ஆனால் மாதத்துக்கொரு முறை, அல்லது ஆயுத பூசைக்கு. ஒரு வெள்ளியும் தவறாமல் செய்தவர் இவர் ஒருவர்தான். பாலும் இளநீரும் தேனும் கலந்த அந்தத் தீர்த்தத்தில் ஒரு பங்கு, ஸ்டீரிங்குக்குப் போகும் வழியில், கதவின் மேல் இருந்த பலகையில் சிந்திக்கொண்டே வந்திருக்கிறது. பலகை முன்பக்கமாகச் சரிந்திருந்தபடியால், சிந்தியதெல்லாம் இடப்பக்க முன் ஷட்டரின் சுவிட்சுக்குள் இறங்கித் தங்கியிருக்கிறது.

தவமலர்தான் முதலில் பேசினார்.

"அக்கா, நீ காருக்கு ஒவ்வொரு கிழமையும் பஞ்சாமிர்தம் தீத்தியிருக்கிறாய்."

"சும்மா இரு."

"ஏன் சும்மா இருக்க? கடல் பாவம், எவ்வளவு பழி சுமந்தது!"

நிஸாம் சிரிப்பை அடக்கக் குனிந்துகொண்டார். ஆனால் கையில் எடுத்த தூரிகையைப் பலகையில் வைக்கவில்லை. "மிஸ், இது கோயில் சாமான். நான் தொடலாமா?" என்று கேட்டார்.

"செம்பில இருக்கேக்கதான் அது தீர்த்தம்" என்றார் யோகாம்பிகை. முகம் சிவந்திருந்தது, குரல் தெளிவாக இருந்தது. "சுவிட்சுக்குள்ள ஊத்தை. நல்லாத் தேய்ச்சுக் கழுவுங்கோ. முறைப்பாட்டுக்காரியும் நான், பழுதைச் செய்தவளும் நான். அந்த இலையை மட்டும் என்னட்டத் தாங்கோ, காலில மிதிபடாமல்."

நிஸாம் ஸ்பிரிட்டில் தோய்த்த தூரிகையால் பசையைக் கரைத்தெடுத்தார். மெல்லிய அரத்தாளை விரல் நகமளவு கிழித்து, ஒவ்வொரு செப்புத் தகட்டையும் பளபளக்கத் தேய்த்தார். தளர்ந்திருந்த ஒரு தகட்டை ஊசி முனையால் உயர்த்தினார். எதுவும் முறியவில்லை. யோகாம்பிகை பனையோலை விசிறியால் விசிறிக் காயவைத்தார். பலகையை இணைத்ததும், முதலில் சாரதியின் ஷட்டரையும் பின் ஷட்டர்களையும் சோதிக்கச் சொன்னார். மூன்றும் நலம். பின்னர் அதே பலகையில் இடப்பக்க முன் ஷட்டரின் சுவிட்சைத் தாமே அழுத்தினார். கண்ணாடி ஒரு முனகலுடன் இறங்கியது, ஏறியது.

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார் நிஸாம்.

"பொறுங்கோ. மலர், நீ உன்ர பக்கத்தால அமத்து."

தவமலர் எழுந்து வந்து, தம்முடைய ஆசனத்தில் அமர்ந்து, இடக்கதவின் சுவிட்சை அழுத்தினார். கண்ணாடி இறங்கியது. ஏற்றுவதற்கு அழுத்தினார். அசையவில்லை. மீண்டும் அழுத்தினார். இல்லை.

பள்ளிவாசலில் மாலை மஃரிப் தொழுகைக்கான பாங்கு தொடங்கியது. நிஸாம் கருவிகளை ஒழுங்குபடுத்தத் தொடங்கினார்.

"போதும் மிஸ். எறக்கம் அவங்க கையில, ஏத்தம் உங்க கையில. அவங்க செல்லுவாங்க, நீங்க உங்க பக்கத்தால ஏத்துங்க."

"ஹைலெவல் வீதியில நான் ஸ்டீரிங்கைப் பார்க்கிறதோ, இவவின்ர ஷட்டரைப் பார்க்கிறதோ? எப்ப வேணும், எவ்வளவு வேணும் எண்டது இவவுக்குத்தான் தெரியும். இவ கையிலதான் இருக்கவேணும்."

"மிஸ், அஸர்ல இருந்து நான்..."

"நீங்கள் போய்த் தொழுதிட்டு வாங்கோ. வந்து தேத்தண்ணி குடியுங்கோ. அதுக்குள்ள நான் யோசிச்சு வைக்கிறன்."

நிஸாம் மழையில் தலையைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டு நடந்தார். யோகாம்பிகை சாரதியின் ஆசனத்தில் அமர்ந்து, இரு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு யோசித்தார். தமது பலகையிலிருந்து ஏற்றினால் ஏறுகிறது. அப்படியானால் மோட்டரும் நல்லது, ஏறும்போது மின்சாரம் திரும்பி வரும் வழியும் நல்லது. மிஞ்சி நிற்பது இடக்கதவின் சிறிய சுவிட்ச் மாத்திரமே. இரண்டு பழுதுகள் இருந்திருக்கின்றன. பெரியது சின்னதை மறைத்துக்கொண்டு நின்றிருக்கிறது. பரிமாற்றகத்தில் இத்தகைய இரட்டைப் பழுதுகளை அவர் பலமுறை கண்டதுண்டு. முதலாவதைத் திருத்திய மகிழ்ச்சியில் ஆள்கள் திரும்பிவிடுவார்கள், மறுநாள் அதே வீட்டிலிருந்து அதே முறைப்பாடு வரும்.

நிஸாம் திரும்பி வந்து தேநீர்க் கோப்பையை வாங்கியபோது அவர் இதைச் சொன்னார். நிஸாம் ஒரு மிடறு குடித்துவிட்டுத் தலையசைத்தார்.

"நானும் தொழுகை ஸஃப்புல நிக்கேக்க அதத்தான் யோசிச்சேன். அல்லாஹ் மன்னிக்கணும். அந்தச் சின்ன சுவிட்சுதான்."

சிறிய சுவிட்சுக்குள் தீர்த்தமும் இல்லை, சந்தனமும் இல்லை. ஏற்றும் பக்கத்துத் தகடு கருகிப் படலமாயிருந்தது. நெடுங்காலம் சும்மா கிடந்த சுவிட்சைத் தவமலர் வந்தபின் ஓயாமல் ஏற்றி இறக்கியதால் அப்படி ஆகியிருக்கலாம் என்றார் நிஸாம். அவர் தேய்த்துப் பூட்டினார். தவமலர் அழுத்தினார். இறங்கியது, ஏறியது. பாதியில் விட்டார், பாதியில் நின்றது. மறுபடியும் இறக்கினார், மறுபடியும் ஏற்றினார்.

"பற்றரி இறங்கப் போகுது" என்றார் யோகாம்பிகை.

"இறங்கட்டும். ஒருக்கா வடிவாப் பாக்கிறன்."

அன்றிரவு உமாசுதன் தொலைபேசியில் பேசினான். "பெரியம்மா, நாளைக்கு நான் ஒரு வான் பேசி அனுப்பவோ? ரிஸ்க் எடுக்கவேண்டாம்" என்றான். "உன்ர அம்மா ஏற்கெனவே சாரதிக்குப் பக்கத்துச் சீற்றைப் பிடிச்சிட்டா. வானுக்கு இனி இடமில்லை" என்று யோகாம்பிகை விடை சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டார்.

திங்கட்கிழமை காலையில் மழை விட்டுவிட்டுப் பெய்தது. இருவரும் பாமன்கடையைத் தாண்டி, கிருலப்பனையில் ஹைலெவல் வீதியில் ஏறும்போது நெரிசல் தொடங்கியிருந்தது. முன்னால் ஒரு லொறி கரும்புகையைக் கக்கியது. தவமலரின் முகம் வெளிறியது. யோகாம்பிகை கடைக்கண்ணால் பார்த்தார். ஸ்டீரிங்கில் இருந்து கையை எடுக்கவில்லை.

லொறி விலகியதும் தவமலர் சுவிட்சை அழுத்தினார். கண்ணாடி முழுவதுமாக இறங்கியது. அவர் தலையை வெளியே சாய்த்தார். பக்கத்தில் ஊர்ந்துகொண்டிருந்த மோட்டார் சைக்கிள்காரர் ஒருவர் நிலைமையைப் புரிந்துகொண்டு சற்றுப் பின்வாங்கி இடம் விட்டார். தவமலர் கண்களை மூடி, வாயைத் திறந்து, ஈரக் காற்றை விழுங்கினார். சிறிது நேரம் அப்படியே இருந்தார். வாந்தி வரவில்லை. மழைத்துளிகள் கன்னத்தில் பட்டதும் தலையை உள்ளே இழுத்து, கண்ணாடியைப் பாதிக்கு ஏற்றினார். நுகேகொடையில் மறுபடியும் இறக்கினார். விஜேராமவில் தூறல் வலுத்தபோது ஒரு விரலளவு இடைவெளி மாத்திரம் விட்டு மூடினார். வழிநெடுகிலும் அந்தச் சுவிட்சின் மீதிருந்து அவருடைய விரல் அகலவில்லை.

வைத்தியசாலை வாசலில் காரை நிறுத்தியதும், யோகாம்பிகை இறங்கிச் சுற்றி வந்து கதவைத் திறக்கப் போனார். அதற்குள் தவமலர் தாமே திறந்துகொண்டு இறங்கி நின்றார். மருத்துவக் கோப்பினை நெஞ்சோடு அணைத்தபடி, உள்ளே நீண்டிருந்த வரிசையை ஒருமுறை பார்த்தார்.

"இவ்வளவு சனம்!" என்றார். "நாளைக்கு இன்னும் கொஞ்சம் வெள்ளென வெளிக்கிடுவம் அக்கா."

அக்காவின் விடைக்குக் காத்திராமல் வரிசையை நோக்கி நடந்தார்.